கழுவாமல் விட்ட தட்டு

எனக்குத் தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளியின் மனைவி கேட்டபோது எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் ஒரு சின்னக் கராஜில் ஆறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். முதலாளி ஒரு கனடிய வெள்ளைக்காரக் கிழவர். பிறேக், சைலன்சர், எண்ணெய் மாற்றுவது என்று வருகிற எந்த வேலையையும் செய்வோம். ஆனால் அவருடைய மனம் அங்கே இல்லை. அறுபதுகளின் கடைசியில் வந்த பெரிய எஞ்சின் கார்களில் அவருக்குப் பைத்தியம். மஸில் கார் என்பார்கள். அந்தக் கார்களின் பழைய பாட்ஸை, உதிரிப் பாகங்களை, இருபது வருடமாக வாங்கி வாங்கி, ஸ்ரௌவ்வில் பக்கம் வயல் வைத்திருந்த ஒரு கமக்காரரின் மரக்கொட்டகையை வாடகைக்கு எடுத்து அடுக்கி வைத்திருந்தார். காரில் பூட்டவும் மாட்டார், விற்கவும் மாட்டார்.

அந்தக் குளிர்காலம் அவருக்குப் பாரிசவாதம் அடித்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அடுத்த மாதமே கமக்காரர் காணியை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார். பனி கரைவதற்குள் கொட்டகையை வெறுமையாக்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

முதலாளியின் வீடு விட்பியில். மனைவிக்கு எழுபது வயது. ஹைவேயில் கார் ஓட்டப் பயம். அவர்களுடைய வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. தனியார் இடம், செலவு அதிகம். அரசாங்கச் செலவில் கிடைத்த இடமோ இரண்டு மணிநேர ஓட்டம். கொட்டகையில் இருப்பது நல்ல விலைக்குப் போனால் அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் அந்த மனுசி. எது பெறுமதி, எது பழைய இரும்புக்கடைக்கு என்று என்னைப் பார்த்துப் பிரித்துத் தரச் சொன்னார். வருகிறவன் எல்லாம் ஏமாற்றப் பார்க்கிறானாம். என்னை நம்புகிறாராம்.

ஆறு வருடத்தில் ஒருவரும் என்னிடம் ஒரு சாமானின் விலையைக் கேட்டதில்லை. தூக்கு, பிடி, கழற்று. அவ்வளவுதான். அதனால் அந்தக் கேள்வி எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்தக் கொட்டகைக்கு முதலாளியோடு ஒரு தரம் போயிருக்கிறேன். ஒரு காபரேற்றரைக் கையில் எடுத்துத் துணியால் தூசியைத் துடைத்தேன். என் கையைத் தட்டிவிட்டார். தொடாதே என்றார். காரணம் சொல்லவில்லை. என்ர கறுப்புக் கை படக்கூடாது என்று நினைக்கிறான் கிழவன் என்று எனக்குள் கொதித்தேன். அந்தக் கொதிப்பை வருடக்கணக்கில் வைத்திருந்தேன்.

உதவிக்கு அண்ணை ஒருவரைக் கூட்டிப் போனேன். கராஜில் என்னோடு வேலை செய்தவர். மன்னார் ஆள், யேசுவைக் கும்பிடுகிற வேதக்காரர். அவரிடம் வான் வண்டி இருந்தது, என்னிடம் ஒன்றும் இல்லை. வாங்குகிறவர் ஞாயிறு மதியம் வருவதாக ஏற்பாடு. எங்களுக்கு வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் இருந்தது.

கொட்டகைக்குள் போனதும் இருவரும் மூக்கைப் பொத்தினோம். எலி கடித்த மட்டைப் பெட்டிகள். அவற்றுக்குள் இரும்பு. சிலதில் மஞ்சள் மெழுகுக் குச்சியால் யாரோ கிறுக்கியிருந்தார்கள். சிலதில் கம்பியில் ஒரு சின்னத் தகரத் துண்டு தொங்கியது.

எங்கள் ஊரில் பழைய கார்ச் சாமானை விற்கப் போகிறவன் முதல்நாளே மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இரும்பில் பிடித்த கறளைச் சுரண்டி, கறுப்புப் பெயின்ற் அடித்துத்தான் கொண்டுபோவான். ஊத்தையோடு கொண்டுபோனால் திருட்டுச் சாமானா என்று கேட்பார்கள், பாதி விலைதான் தருவார்கள். எனக்கும் அண்ணைக்கும் தெரிந்த விற்பனை அது ஒன்றுதான்.

"உந்தப் பெட்டியளை எறிவமா அண்ணை?"

"எறியாமல்? எலி மூத்திரம் மணக்குது. உதுக்குள்ள வைச்சுக் காட்டினா ஒருத்தனும் கிட்ட வரான்."

எறிந்தோம். வாசலில் நின்ற பெரிய குப்பைத் தொட்டி நிரம்பியது. சனி மதியம் லொறி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. மஞ்சள் கிறுக்கலைக் கம்பிப் பிறஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தோம், போகவே மாட்டேன் என்றது. துண்டுகளைப் பிடுங்கினோம். குளிரில் விரல் மரத்துப்போய் மண்ணெண்ணெய் எரிவு கூடத் தெரியவில்லை. கழுவிய ஒவ்வொன்றுக்கும் கறுப்பு ஸ்பிறே அடித்தோம். பாரமாகவும் பளபளப்பாகவும் இருந்தவற்றை முதல் வரிசையில் வைத்தேன். பெறுமதி பார்த்த விதம் அதுதான்.

சனி பொழுதுபடும்போது பின்சுவரில் ஒரு தட்டு மட்டும் மிச்சம். விடிய வந்து முடிப்போம் என்றேன்.

"நாளைக்கு ஞாயிறு. நான் பூசைக்குப் போகோணும்."

"ஒரு கிழமை போகாட்டி உங்கட யேசு கோவிப்பாரோ?"

"அவர் கோவியார். மனுசி கோவிப்பாள். உன்ர முதலாளியின்ர கறளைச் சுரண்ட நான் பூசையை விடமாட்டன்."

சோம்பேறி என்று அவரை முகத்துக்கு நேரே திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வானை எடுத்தார்.

ஞாயிறு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாங்க வந்தவர் எங்களுக்கு முன்பே உள்ளே நின்றார். முதலாளியின் மனைவியையும் அவரே விட்பியிலிருந்து ஏற்றி வந்திருந்தார். கறுப்பு வரிசைகளுக்குக் கிட்டப் போனார். ஒரு எஞ்சின் மனிஃபோல்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் பெயின்றைச் சுரண்டினார். யார் செய்தது என்று கேட்டார்.

நாங்கள்தான், மூன்று நாள் வேலை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பெட்டிகள் எங்கே என்று அடுத்துக் கேட்டார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

அவர் கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை, பிள்ளைக்குச் சொல்வது போல விளங்கப்படுத்தினார். மஞ்சள் கிறுக்கல் தொழிற்சாலையில் சோதித்தவன் போட்ட குறி. கம்பியில் தொங்கிய துண்டில்தான் அது எந்தக் காருக்கு, எந்த வருடத்துக்கு என்று இருக்கும். பெட்டி இருந்தால்தான் அது ஒருநாளும் காரில் பூட்டப்படாத சாமான் என்று வாங்குகிறவன் நம்புவான். இப்போது இவை வெறும் பழைய இரும்பு, அதுவும் பெயின்ற் அடித்தது என்றார்.

முதலாளி என் கையைத் தட்டிவிட்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அதே வாயால் காரணத்தையும் சொல்லித் தொலைத்திருக்கலாம் கிழவன். நானும் கேட்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் வாய் இருந்தது.

பிறகு அந்த மனிதர் பின்சுவரைக் கண்டார். முழங்காலில் நின்று ஒவ்வொரு பெட்டியாக, உடையாமல், இரண்டு கையாலும் எடுத்தார். எட்டுப் பெட்டி. அந்தத் தட்டுக்கு மட்டும் அவர் தந்த விலை மற்றதெல்லாம் சேர்ந்து பிறகு இரும்புக்கடையில் போன விலையைவிடப் பல மடங்கு. கறுப்பு அடித்த ஒன்றையும் அவர் தொடவில்லை.

முதலாளியின் மனைவி என்னை ஏசவில்லை. பாவம், குளிரில் கஷ்டப்பட்டீர்கள் என்று சொல்லி பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார்.

திரும்பி வரும்போது அண்ணை வானை ஹைவேயில் ஏற்றினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"பூசைக்குப் போனது நல்லதாப் போச்சு எண்டு சொல்லட்டே?"

"வாயைப் பொத்துங்கோ அண்ணை."

திங்கட்கிழமை முதலாளி கிடந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாம் நல்ல விலைக்குப் போய்விட்டது என்று மனைவி அவருக்குச் சொல்லியிருந்தார். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார். சொன்னேன். முதலாளி இடக்கையை நீட்டினார். கொடுத்தேன். பிடித்தபடி திருப்பிப் பார்த்தார். என் நகக்கண்ணிலெல்லாம் கறுப்பு ஸ்பிறே. எங்கள் கராஜில் நாங்கள் ஒருநாளும் பெயின்ற் அடித்ததில்லை, அது அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். கையை விட்டுவிட்டார்.

அந்த எட்டுப் பெட்டிக் காசில் அவர் கோடைக்காலம் முடியும்வரை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தார். மனைவி தினமும் நடந்து போய்ப் பார்த்தார். பிறகு தூர இடத்துக்கு மாற்றினார்கள். அண்ணையின் வானை இரவல் வாங்கி, இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு, பூசை முடிந்த பிறகு நான்தான் அந்த மனுசியைக் கூட்டிப் போனேன். போக இரண்டு மணிநேரம், வர இரண்டு மணிநேரம். பாட்ஸைப் பற்றி மனுசி ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

முதலாளியின் அறைக்குப் போகமுன் ஒவ்வொரு தரமும் கழிவறைக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு நகத்தைத் தேய்ப்பேன். உள்ளே போனதும் அவர் முதலில் என் கையைத்தான் பார்ப்பார். முகத்தைப் பிறகுதான்.