இலுப்பை மரத்துச் சாரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். நானோ எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஏதாவது எழுதி, நம்பிக்கையோடு கும்பிடுகிறவர்கள் மனசு புண்பட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

போன வாரம் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. கபாலி கோயிலுக்குப் போய்விட்டு அபிராமபுரத்துக்குத் திரும்பினால், வீட்டு வாசலில் முனுசாமி மேஸ்திரி நிற்கிறார். மரம் வெட்டும் தொழில். கண்கள் சிவந்திருந்தன.

"சார், நீ பத்திரிகைல எழுதறவன்தானே? அன்னிக்கு மரத்தாண்ட இன்னா நடந்துச்சுன்னு எழுது சார்."

"இப்ப எதுக்கு மேஸ்திரி?"

"பொண்ணுக்குப் பாத்த எடம் மறுபடியும் தட்டிப் போச்சு. நல்ல பாம்ப வெட்டினவன் ஊட்டுல பொண்ணு எடுத்தா வம்சம் தழைக்காதாம். நான் வெட்னனா சார்? நீ அங்கதானே நின்னுக்கினு இருந்தே?"

நின்றுகொண்டுதான் இருந்தேன். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கொல்லையில் ஒரு கிழட்டு இலுப்பை மரம். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். அதில் ஆள் உயரத்தில் ஒரு பொந்து. குழாயில் தண்ணீர் வரும்வரை குடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பது என் காலை வேலை. சும்மா நிற்கிறவன் எதைப் பார்ப்பான்? மரத்தைத்தான் பார்ப்பான்.

பார்க்கப் பார்க்க, அது மரமில்லை, ஒரு குடித்தனம் என்று தெரிந்தது. வேர் இடுக்கில் சொறித் தவளைகள். சருகுக்குள் பளபளவென்று அரணை. மேலே கழுத்துச் சிவந்த ஓணான், தலையை ஆட்டி ஆட்டி யாரையோ மிரட்டிக்கொண்டிருக்கும். பொந்தில்… ஒரு சாரைப் பாம்பு.

சாரைதான். சந்தேகமில்லை. பெரிய உருண்டைக் கண். வாலில் கறுப்புக் கோடுகள். ஒருநாளும் படம் எடுத்ததில்லை. வெயில் வந்ததும் இறங்கி, மதில் ஓரமாகவே போய், பின்பக்கச் சாக்கடைக்குள் நுழையும். இரை தேடிவிட்டு, பெரும்பாலும் வெயில் உச்சிக்கு ஏறும் முன் அதே வழியாகத் திரும்பும். முதலில் பயந்தேன். பிறகு, அதைப் பார்க்காத நாளில் ஏதோ குறைந்தது போலிருந்தது.

வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. தி.நகரில் ஜவுளிக் கடை. பல வருஷத்துக்கு முன் கொல்லையில் இரண்டு அறை கட்டத் தீர்மானித்தார். மரம் இடைஞ்சல். முனுசாமி வந்தார், இரண்டு ஆட்களோடு.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோடாலி வைப்பதற்கு முன் மரத்திடம் சொல்ல வேண்டும். முனுசாமி மஞ்சள் தடவி, கற்பூரம் ஏற்றி, சாம்பிராணிக் கரண்டியைப் பொந்துக்கு நேரே பிடித்தார். "இதுல குடியிருக்கறவங்க யாரா இருந்தாலும் வேற எடம் பாத்துக்குங்க. எங்க மேல கோச்சுக்காதீங்க."

புகை உள்ளே போனது. சாரை வெளியே வந்தது.

ஆட்களில் ஒருவன் கடப்பாரையைத் தூக்கினான். முனுசாமி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "டேய், தொட்டே… அவ்ளோதான்!" பாம்பு இறங்கி, மதில் ஓரமாகப் போய், சாக்கடையில் மறைந்தது.

அப்புறம்தான் வழக்கு ஆரம்பித்தது.

"போகச் சொன்னீரு, போயிட்டுல்லா? பொறவு என்னவே யோசன? வெட்டும்!" என்றார் அண்ணாச்சி.

என் மனைவி கோமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நல்லாருக்குங்க அண்ணாச்சி! நேர்ல வந்து நின்ன சாமிய வீட்ட விட்டுத் துரத்திட்டு, அந்த எடத்துல அறை கட்டுவீங்களா?"

ஒரே பாம்பு. ஒரு பக்கத்துக்கு அது உத்தரவு. இன்னொரு பக்கத்துக்கு அது தடை. முனுசாமி யார் பேச்சைக் கேட்பார், பாவம்?

நான் மெதுவாகச் சொன்னேன்: "அது சாரைங்க. தினமும் இந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் பொறுத்தா திரும்பி வரும்."

"பாம்புக்கு டைம்டேபிள் வேற போட்டு வச்சிருக்கீராக்கும்!" அண்ணாச்சி சிரித்தார். ஆனாலும், "சரி, டீ குடிக்கிற வரைக்கும் பாப்போம்" என்றார்.

வராவிட்டால்? புகைக்குப் பயந்து வேறெங்காவது போயிருந்தால்? மரத்தைப் பார்த்தபடி கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

டீ குடித்து முடித்து, அண்ணாச்சி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். அப்போது வந்தது. மதில் ஓரத்தில் நின்று நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. முனுசாமி கையைக் காட்டி எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். மரத்தில் சாய்த்து வைத்திருந்த கோடாலிக் காம்பின் மேலேயே பாம்பு ஏறி, அவசரமில்லாமல், பொந்துக்குள் போய்விட்டது.



முனுசாமிதான் முதலில் வாய் திறந்தார். "போன்னேன், போச்சு. தன் ஊடுன்னு திரும்பி வந்துட்ச்சு. இன்னொரு தபா போன்னு சொல்ல எனக்கு வாய் வரல நைனா." கோடாலியை எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி நெடுநேரம் பொந்தையே பார்த்துவிட்டு, "அறைய அந்தப் பக்கமாத் தள்ளிக் கெட்டிக்கிடுவோம்" என்றார்.

நடந்தது இவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ஆழ்வார்பேட்டைக் கடைத்தெருவில் அது நாகமாகிவிட்டது. ஆடி மாதத்துக்குள் ஐந்து தலை முளைத்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான், மேஸ்திரி அதில் ஒரு தலையை வெட்டினார், ரத்தம் பீறிட்டது என்று சேர்த்துவிட்டார். மரத்துக்கு மஞ்சள் கயிறு கிடைத்தது. அதைக் காப்பாற்றிய மனிதருக்குக் கிடைத்ததோ நாக சாபம்!

நான் தினமும் திருநீறு பூசுகிறவன். எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பிராணி தன் வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஒரு மனிதன் ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தினான். இது போதாதா ஈசன் இருக்கிறான் என்பதற்கு? ஏன் தலைகளைக் கூட்டுகிறோம்?

இந்த வாரம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேஸ்திரி குடியிருக்கும் சைதாப்பேட்டைப் பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். நாலு பேரிடம் சொல்லுங்கள். எதையும் சேர்க்காமல், எதையும் விடாமல், இருக்கிறபடியே சொல்லுங்கள்.

முனுசாமியின் மகள் பெயர் தனலட்சுமி. நல்ல பெண்.