என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்

சந்தையில் வெடித்த குண்டில் ஜோகுபாளையம் ஸ்டெல்லா அக்காவின் கணவர் இறந்துபோனார். பக்கத்தில் நின்ற அக்காவுக்கு இரண்டு காதும் கேட்காமல் போயிற்று. குண்டு வைத்தவர்கள் ஜெயிலுக்குப் போன பிறகு, அவர்களுக்குப் பணம் அனுப்பிய டிரஸ்ட் மேல் அவர் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டார். நான்தான் வக்கீல்.

டிரஸ்ட் பணம் தருவதாகச் சொல்லி சமாதானத்துக்கு வந்தது. "வாங்கிட்டு முடிச்சிடலாம்க்கா" என்றேன். என் வாயசைவைப் படித்துவிட்டு அவர் மறுத்தார்.

"கிரிமினல் கேஸ்ல நான் வெறும் சாட்சிப்பா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னாங்க. இதுல நான் கேக்கணும். அந்த டிரஸ்ட் தலைவர் கூண்டுல ஏறட்டும்."

ஏறினார். குறுக்கு விசாரணை தொடங்கியதும் அக்கா எழுந்து நீதிபதியிடம் அந்தக் கோர்ட்டின் மொழியான கன்னடத்தில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். பதில் தனக்கும் புரிய வேண்டும், அதனால் தன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்றார். நீதிபதி சம்மதித்தார்.

"பணம் எதற்குப் போகிறதென்று தெரியுமா?" என்று கேட்டேன்.

அதுவரை சரளமாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் அக்காவைப் பார்த்ததும் திணறினார். தலை குனிந்தது.

"நிமிர்ந்து சொல்லுங்க, அந்தம்மாவுக்குத் தெரியல" என்றார் நீதிபதி.

அவர் நிமிர்ந்து, "சந்தேகம் இருந்தது" என்றார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. எத்தனையோ பதில்கள் கோர்ட்டுக் காகிதத்தில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பதில் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அதையும் காது கேட்காத ஒருவர்தான் கேட்டு வாங்கினார்.