எல்லாக் கட்டத்திலும் டிக்

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அப்பா ஓய்வுபெற்ற ஏட்டு. கட்டத்தைக் காலியாக விட்டால் மனு திரும்பி வந்துவிடும் என்பது அவர் ஸ்டேஷனில் கற்ற பாடம். எனக்கும் அது ரத்தத்தில் ஊறிப்போயிற்று.

அந்தப் புத்திதான் என் எம்.இ. புராஜெக்டில் என்னைக் கவிழ்த்தது. குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் வைஃபையைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பாவனையாக ஓட்டிப் பார்க்க வேண்டும். சீசன் கூட்டத்தில் பழைய போன்காரர்களுக்கும் நெட் கிடைக்குமா என்பது கேள்வி. ஒரு வைஃபை பெட்டி, இருபது பழைய போன்கள். ஓட்டினால் ஒரு போன்கூடப் பெட்டியோடு சேரவில்லை. திங்கட்கிழமை கடைசி ரிவ்யூ. அதில் கோட்டைவிட்டால் இன்னும் ஒரு வருஷம் கல்லூரி பஸ்தான். மூன்று நாளாகப் புரோகிராமை வரி வரியாகப் பார்த்து, எழுதின ஆளைத் திட்டித் தீர்த்தேன். எழுதின ஆள் நான்தான்.

ஞாயிறு காலை லேப்டாப்பை மூடிவிட்டுக் காபிக்குப் போனால், அடுப்படியில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் பஞ்சாயத்து. தரகர் தந்த படிவத்தில் ஒவ்வொரு எதிர்பார்ப்புக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம்: ‘இருந்தால் நல்லது’, ‘கட்டாயம்’. அப்பா இரண்டிலும் டிக் அடித்திருந்தார். அரசு வேலை, தென்காசியில் சொந்த வீடு, கண்ணாடி போடாத கண், கோபப்படாத குணம், எல்லாமே கட்டாயம். சுரண்டையிலிருந்து கேட்டு வந்த ஒரே வரனும் கண்ணாடி போட்டவர். தரகரே திருப்பி அனுப்பிவிட்டார்.

அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “எல்லாத்தயும் கட்டாயம்னு போட்டு வச்சா எவன் வருவான்?”

காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். என் புராஜெக்டிலும் அதே இரண்டு கட்டங்கள். பெட்டியால் பேச முடிந்த வேகங்கள் ஒன்று. சேர வருகிற போனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய வேகங்கள் இன்னொன்று. ஒன்று முதல் ஐம்பத்து நான்கு மெகாபிட் வரை இரண்டிலும் டிக் அடித்து வைத்திருக்கிறேன், மடச்சி. என் போன்களுக்கோ பதினொன்றைத் தாண்டி ஏறாது. கட்டாயத்தில் ஒரு மெகாபிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டிக்கையெல்லாம் நீக்கினேன். இருபது போனும் சேர்ந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என்ன விஷயமென்று அப்பா கேட்டார். பொதுவாக எல்லாரிடமும் சொல்வதைப் பெட்டி அந்தக் கட்டாய வேகத்தில்தான் சொல்லும், அதனால் எல்லாருக்கும் எட்டுகிற ஒன்று போதும், மற்றதை அவரவருக்கு ஏற்றபடி பேசிக்கொள்ளலாம் என்றேன். அப்பா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்து, மனசே இல்லாமல், கட்டாயங்களை ஒவ்வொன்றாகக் கோடுபோட்டு நீக்கினார். கோபப்படாத குணம் மட்டும் மிஞ்சியது.

“இது ஒண்ணுதான் கட்டாயம். எம் பிள்ளைட்ட எவனும் சத்தம் போடக் கூடாது” என்று, தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார்.

அம்மா அடுப்பைத் தணித்தாள். “எங்க அப்பா அத கட்டாயம்னு வச்சிருந்தா, நீங்க எங்க வீட்டு வாசப்படியே ஏறிருக்க மாட்டிய.”

அப்பா அந்த டிக்கை நீக்கவில்லை. இன்னொரு தோசை கிடைக்குமா என்று மிக மெதுவாகக் கேட்டார்.