பெட்டியின் மேல் தட்டுகிறவர்கள்

இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் சரிபார்ப்பது என் வேலை. யார் எதைச் சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். தங்கவயல் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரு போய்த் திரும்பும் இத்தனை வருடத்தில் அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. கறிக்கடைக்காரர் "இன்னிக்கு அறுத்த ஆடு" என்றால்கூட ஒருமுறை கறியைப் பார்ப்பேன், ஒருமுறை அவரைப் பார்ப்பேன்.

அதனால் எங்கள் சர்ச் ஆண்டு மலருக்கு, தலைமுறை தலைமுறையாக இசை ஊழியம் செய்யும் குடும்பம் என்று எங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னபோது, நான் முதலில் சந்தேகப்பட்டது எங்கள் குடும்பத்தைத்தான்.

எங்கள் குடும்பத்தின் இசை என்றால் அது பெரியப்பாதான். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். தாத்தா போன பிறகு வீட்டுக்கு மூத்தவரும் அவரே. அவர் சொல்லும் கதை எங்களுக்கு மனப்பாடம். அவருடைய தாத்தா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, வடாற்காட்டிலிருந்து சுரங்கக் கூலியாக வந்தவர். அவர் கார்னெட் என்ற பித்தளைக் குழல் ஊதியதைக் கேட்டு மயங்கிப்போன துரை ஒருவர் வெள்ளைக்காரர்களின் கிளப் பேண்டில் சேர்த்துக்கொண்டார். அதற்குச் சாட்சியாக நந்திதுர்க் லைனில் இருக்கும் பெரியப்பா வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ. கிளப் வாசலில் தொப்பி போட்ட பேண்டுக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெரியப்பா அதில் காட்டியது ஓர் ஓரத்தில் நின்ற ஒல்லி ஆளை. மலருக்காகப் போய்க் கேட்டபோது காட்டியது இன்னொரு ஓரத்தில் நின்ற மீசைக்காரரை.

"அப்ப வேற ஆளைக் காட்டினீங்களே பெரியப்பா?"

"கண்ணு சரியில்லம்மா. இவருதான்."

பஞ்சம் பிழைக்க வந்த கூலிக்கு ஊரில் கார்னெட் வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். அவர் காபி ஆறுகிறது என்றார். என் மேசைக்கு இப்படியொரு கிளெய்ம் வந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன்.

"எழுதினதை மூப்பருகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சர்ச் மூப்பர்தான் மலருக்குப் பொறுப்பு. சுரங்கத்தில் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், கைத்தடியோடு முன்வரிசையில் உட்காருபவர். புதிதாக யாரைப் பார்த்தாலும் "சொந்த ஊரு எது?" என்பார். சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார். இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா ஆராதனை முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறிவிடுவார். முட்டிவலிக்குப் படி ஏறி இறங்க முடியவில்லை என்பது அவர் சொல்லும் காரணம். அந்தக் கதவுக்கும் படிகள் உண்டு.

ரயிலில் போக வர, போனில் குடும்ப மரம் போட ஆரம்பித்தேன். கொள்ளுத்தாத்தாவின் பெயர்வரை போனது. அவர் தொழில் என்ன என்ற இடத்தில் நின்றுவிட்டது. சர்ச் பதிவேடுகளைக் கரையான் தின்றிருந்தது. சொந்தக்காரர்களைக் கேட்டால் பெரியப்பாவின் கதையையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டியை மூடியதும், தூக்குவதற்கு முன், வீட்டுக்கு மூத்தவர் மூடியின்மேல் விரலால் தட்டுவார். மெதுவாக மூன்று, வேகமாக இரண்டு, நன்றாக இடைவெளி விட்டுக் கடைசியில் ஒன்று. அப்பாவுக்குப் பெரியப்பா தட்டினார். கிறிஸ்தவர்கள் எல்லோருமே இப்படிச் செய்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். தோழியின் அம்மா அடக்கத்தில் யாருமே தட்டாமல் பெட்டியைத் தூக்கியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியப்பாவிடம் கேட்டதற்கு, "வழியனுப்பறதும்மா" என்று முடித்துக்கொண்டார்.

ஊர் குடியாத்தம் பக்கம் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். ஊரின் பெயரும் ஞாபகம் இருந்தது. பெரியப்பாவிடம் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனேன்.

நான் போன நேரம் காலனியில் ஒரு சாவு. தெருமுனை டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பறை காதைப் பிளந்துகொண்டிருந்தது. பாடையைத் தூக்கும் நேரம் எல்லாப் பறையும் நின்றது. ஒருவர் மட்டும் தனியாக அடித்தார். மெதுவாக மூன்று, வேகமாக இரண்டு, இடைவெளி, கடைசியில் ஒன்று.

எங்கள் வீட்டுப் பெட்டித் தட்டு. ஆனாலும் என் புத்தி சும்மா இருக்குமா. தற்செயலாக இருக்கலாம் என்றது. எல்லாம் முடிந்து அவர் டீக்கடைக்கு வந்தபோது, பெஞ்சில் முதல் ஐந்தை மட்டும் தட்டிவிட்டு நிறுத்தினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, சரியான இடைவெளி விட்டு, கடைசி ஒன்றைத் தட்டினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"இது எங்க கேட்டீங்கம்மா?"

"எங்க வீட்ல. தங்கவயல்ல. பெட்டி மேல தட்டுவாங்க."

"இது தூக்கறதுக்கு முன்னாடி அடிக்கற அடி. எங்க வகையறா மட்டும்தான் அடிப்போம். பக்கத்து ஊருக்காரனுக்கு வராது." டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். "அப்ப நீங்க நம்ம ஆளுங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு டீ சொன்னார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ரயில் பங்காருப்பேட்டை வந்து சேர்வதற்குள் அது கோபமாகிவிட்டது. நேரே பெரியப்பா வீட்டுக்குப் போய், கேட்டதையும் பார்த்ததையும் கொட்டினேன்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?" என்றார். "எங்கப்பா இந்த மேசையிலதான் தட்டித் தட்டிச் சொல்லிக் குடுத்தாரு. பறைத்தோலைத் தொடக் கூடாது, அடியை மறக்கக் கூடாதுன்னாரு."

"அப்ப அந்தப் போட்டோ?"

"கிளப்பைக் காலி பண்ணப்ப குப்பையில கெடந்துச்சு. அதுல நம்ம ஆளு யாருமில்ல."

"இதையே எழுதலாம் பெரியப்பா. இதுல இன்னா வெட்கம்?"

"உனக்கு பெங்களூரு இருக்கு. எனக்கு அந்த ஆர்கன் பெஞ்சு ஒண்ணுதான் இருக்கு. மூப்பரு இதைப் படிச்சாருன்னா, அடுத்த ஞாயித்துக்கெழம நான் வாசிக்கறதை வேற காதால கேப்பாங்க. என்னை அங்கேயே சாகவுடு."

பொய்யை எழுத என்னால் முடியாது. உண்மையை எழுத அவர் விடவில்லை. மூப்பரிடம் போய் எழுத முடியவில்லை என்றேன்.

"ஏம்மா, சொந்த ஊரு கெடைக்கலையா?"

"இல்லீங்க."

"போனா போவுது, வுடு" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எங்களை மலரிலிருந்து கழித்துவிட்ட நிம்மதி என்றே எடுத்துக்கொண்டேன். அவரை அன்றைக்கு வெறுத்தேன்.

அந்த மழைக்காலத்திலேயே பெரியப்பா போய்விட்டார். ஆசைப்பட்டபடி கடைசி ஞாயிறுவரை வாசித்துவிட்டுத்தான் போனார். பெட்டியை மூடியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு மூத்தவள் இப்போது நான்தான். மெதுவாக மூன்று தட்டினேன். வேகமாக இரண்டு. கடைசி ஒன்றுக்காகக் கையை உயர்த்திக் காத்திருந்தபோதுதான், பெட்டியின் கால்மாட்டில் நின்ற மூப்பரின் விரல் கைத்தடிப் பிடியின்மேல் உயர்ந்து நிற்பதைப் பார்த்தேன். என் விரலும் அவர் விரலும் ஒன்றாக இறங்கின.

எனக்கு அடுத்து அவர் தட்டியிருந்தால் பார்த்துச் செய்தார் என்றிருப்பேன். நான் பார்ப்பது தெரிந்ததும் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

யாரும் தன் ஊரைக் கேட்டுவிடாதபடி எல்லோருடைய ஊரையும் கேட்டுக்கொண்டிருந்தாரா, இல்லை, உள்ளபடியே ஆள் தேடிக்கொண்டிருந்தாரா, எனக்குத் தெரியாது. ஒரே சர்ச்சில், ஒருவருக்கு ஒருவர் பயந்து, வேறுவேறு கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அடக்கம் முடிந்து கல்லறை கேட்டருகே நின்றபோது மூப்பர் என்னிடம் வந்தார். அவருடைய கேள்வியையே அவரிடம் கேட்டுவிட நாக்கு துடித்தது. அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கடைசி அடி சரியா வந்துச்சும்மா."

அதைக் கேட்டிருக்க வேண்டியவரை அப்போதுதான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தோம்.