மனுவின் மூன்றாவது வரி

அந்த மனுவில் நான் கையெழுத்துப் போட்டது கோபத்தோடுதான். பயத்தில் போடுகிறேன் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். அதுவும் முழுப் பொய்யில்லை.

பாப்பாரப்பட்டியில் எங்கள் ஸ்டாண்டில் பதினான்கு ஷேர் ஆட்டோக்கள். பதின்மூன்று டீசல், ஒன்று மின்சாரம். அந்த ஒன்று என்னுடையது. பதினான்கு பேரில் பெண்ணும் நான் ஒருத்திதான். யாரும் கட்டாயப்படுத்தி நான் அதை வாங்கவில்லை. டீசல் வண்டியின் உதறலில் இடுப்பு விட்டுப்போனது, அதனால் மாறினேன். சுற்றுச்சூழலைக் காப்பாற்றப் புறப்பட்டவள் என்று யாராவது மாலை போட வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் எல்லார் வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி வந்தது. இனி ஆட்டோ ஓட்டுகிறவர்கள் மின்சாரத்துக்கு மாறியே ஆகவேண்டும், பழைய டீசல் வண்டிக்கு, ஓடத் தகுதியானது என்று தரும் எஃப்.சி. சான்றிதழ் கிடையாது என்று. உண்மையா, எப்போதிலிருந்து என்றெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனால் எஃப்.சி. இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து ஸ்டாண்டில் சிரிப்பு நின்றுபோனது. அந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான் என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

என்னிடம் கேட்டிருந்தால் என் மனதில் இருந்ததைச் சொல்லியிருப்பேன். நாளெல்லாம் பதின்மூன்று வண்டிப் புகையை விழுங்குகிறவள் நான். எல்லாரும் மாறினால் முதலில் சந்தோஷப்படுவது என் மூக்குதான். ஆனாலும் நல்ல மருந்தாகவே இருந்தாலும் மூக்கைப் பிடித்து ஊற்றினால் துப்பத்தான் தோன்றும். யாரும் கேட்கவில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்று கலெக்டருக்கு மனுதான் எழுதினார்கள்.

எழுதியது ஸ்டாண்டுத் தலைவர். அறுபதை நெருங்குகிறவர். ஒரு பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று மற்றவர்கள் முனகியபோது, வரிசையில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர். ஸ்டாண்டில் வரிசைதான் சோறு. முதல் வண்டியில்தான் ஆள் ஏறவேண்டும், வரிசையை விட்டு விலகினால் கடைசிக்குப் போகவேண்டும். மத்தியானம் நான் சார்ஜ் போட வீட்டுக்குப் போயாகவேண்டும் என்பதால் எனக்கு மட்டும் ஒரு சலுகை செய்திருந்தார். என் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவேன். வரிசை நகர நகர, பின்னால் நிற்கிறவர் அதைக் காலால் தள்ளிக்கொண்டு வருவார். நான் திரும்பும்போது என் இடம் எனக்காகக் காத்திருக்கும்.

மனுவை எனக்குப் படித்துக் காட்டினார்கள். முதல் இரண்டு வரிகளில் எனக்குச் சண்டையே இல்லை. புது வண்டி வாங்க வசதியில்லை, பழைய வண்டியை எடுத்துக்கொள்ள ஆளில்லை. சத்தியமான வார்த்தைகள். மூன்றாவது வரி இப்படி இருந்தது: எங்கள் ஸ்டாண்டில் ஓடும் ஒரே மின்சார ஆட்டோ அடிக்கடி நடுவழியில் நின்று பயணிகளைத் தவிக்கவிடுகிறது.

என் வண்டி நின்றது ஒரே ஒரு தடவை. அதுவும் என் புத்தியால். பல வருஷம் டீசலும் பெட்ரோலும் ஓட்டிய பழக்கத்தில், மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் அடியில் ரிசர்வ் என்று கொஞ்சம் இருக்கும் என்று நம்பி, பென்னாகரம் ரோட்டு மேட்டில் ஏற்றினேன். ரிசர்வும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்போது வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியவரே தலைவர்தான். அந்த ஒரு தடவை மனுவில் 'அடிக்கடி' ஆகியிருந்தது.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். யாரும் சத்தம் போடவில்லை. மறுநாள் மத்தியானம் சார்ஜ் போட்டுவிட்டு வந்தபோது, நான் வைத்த இடத்திலேயே செங்கல் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு எல்லா வண்டிகளும் முன்னால் போயிருந்தன. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டே நடைதான் ஓட்டினேன். நேராகத் தலைவரிடம் போய் நின்றேன்.

"அண்ணா, கட்டாயப்படுத்தக் கூடாதுன்னுதான மனு எழுதியிருக்கீங்க. என்னைய மட்டும் கட்டாயப்படுத்தலாமுங்களா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உன் வண்டி நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சா எங்க பேச்சு எடுபடுமாம்மா? இந்த வயசுல எனக்கு எவன் லோன் குடுப்பான்? ரெண்டு மாசத்துல என் எஃப்.சி. முடியுது. அப்புறம் நான் வூட்டுல குந்திக்கிட்டு என்ன பண்ணட்டும்?"

அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அந்த வரி இல்லாவிட்டால் மனுவை யார் மதிப்பார்கள் என்றார். அவர் கண் கலங்கியிருந்ததா, டீசல் புகையா, எனக்குத் தெரியவில்லை. என்னை ஸ்டாண்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். வெளியே தள்ளவும் அவரால் முடியும். இரண்டும் சேர்ந்துதான் என் கையில் பேனாவைக் கொடுத்தன. போட்டேன்.

அன்றைக்கே என் செங்கல் மறுபடி நகரத் தொடங்கியது. டீ வந்தது, கேலிப் பேச்சு வந்தது. பயணிகளிடமும் கையெழுத்து வாங்கவேண்டும் என்று எங்கள் கையெழுத்துகளோடு மனுவின் நகல் ஒன்றை டீக்கடைத் தூணில் ஒட்டினார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வரிசையில் நான்தான் முதல். எனக்குப் பின்னால் தலைவரின் வண்டி. பக்கத்து ஊர் அங்கன்வாடி டீச்சர் வந்தார். இரண்டு வருஷமாக என் வண்டியில் போகிறவர், சத்தமில்லாத வண்டி, தலைவலி இல்லை என்று மற்றவர்களையும் கூப்பிட்டு ஏற்றுகிறவர். அன்று என் வண்டியைத் தாண்டிப் போய் நின்றார். ஏறுங்கள் என்றேன். தயங்கினார்.

"ஒம்பது மணிக்குள்ள நான் கதவு தொறக்கணும்ங்க. வழியில நின்னுட்டா என்ன பண்றது?"

"இத்தனை நாள் நின்னுச்சுங்களா?" என்றேன்.

"நீங்களேதான எழுதிக் குடுத்திருக்கீங்க."

நான் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். வண்டி நன்றாகப் போகும், ஏறும்மா என்று. அவர் வாய் திறந்தது. சுற்றிலும் எல்லாரும் நின்றிருந்தார்கள், தூணில் மனு இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். டீச்சர் அவர் வண்டியில் ஏறினார். அடுத்து வந்த இரண்டு பேரும் அவர் பின்னாலேயே ஏறினார்கள்.

ஆள் நிறைந்ததும் அவர் வண்டியைக் கிளப்பினார். முன்னால் நான் நின்றிருந்ததால் அவரால் வெளியே எடுக்க முடியவில்லை. ஹாரன் அடிக்கவில்லை, காத்திருந்தார். நான் என் வண்டியை விலக்கி அவருக்கு வழி விட்டேன். விலகினால் கடைசிக்குப் போகவேண்டும் என்பது ஸ்டாண்டு விதி. போய் நின்றேன்.