வா என்றால் போ

எங்கள் வீட்டில் 'போறன்' என்று சொல்லிவிட்டு ஒருவரும் வாசலைத் தாண்ட முடியாது. பள்ளிக்கூட பஸ் போய்விட்டாலும் பரவாயில்லை, அம்மா மறித்து நிறுத்தி, 'போட்டு வாறன்' என்று, திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லவைத்துத்தான் விடுவாள். 'போ' என்பதைத் தனியாகச் சொன்னால், போனவர் திரும்பமாட்டாராம்.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஓர் இத்தாலியக் கிழவர் இருந்தார். இளமையில் தானே பாட்டெழுதி, தானே கிற்றார் வாசித்துப் பாடி, தன் நாட்டில் கொஞ்சக்காலம் கொடிகட்டிப் பறந்தவராம். மொன்றியலுக்கு வந்தபின் கலியாண மண்டபம், பிறகு தேவாலயத்தின் நிலவறை, கடைசியில் எங்கள் இரண்டு வீட்டையும் சூடாக்கும் ஹீற்றர் குழாய் என்று அவருடைய மேடை சுருங்கிக்கொண்டே வந்தது. குழாய் வழியாக ஒரே பாட்டுத்தான் மேலே ஏறும். அதில் அடிக்கடி 'வா, வா' என்று வரும்.

அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அந்தக் குழாயருகே இருந்து கேட்பாள். அவளுடைய தம்பி, என் மாமா, ஊரில் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அவருடைய படத்துக்கு விளக்கு வைப்போமா என்று அப்பா ஒருமுறை கேட்டுவிட்டு, பல நாள் தானே தேத்தண்ணி போட்டுக் குடித்தார். கீழே ஒரு மனிதர் யாரையோ சலிக்காமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பது அம்மாவுக்குப் பெரிய தெம்பு.

ஒருநாள் வடைத் தட்டுடன் என்னையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். எனக்கு எட்டு வயது. பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு.

"ஆரைக் கூப்பிடுறார் எண்டு கேள், பிள்ளை."

கிழவர் தன் ஊரிலிருந்து தொடங்கினார். பழைய கடற்கரைப் பட்டினம். கொள்ளைக் கப்பல் வருகிறதா என்று பார்க்கக் கரையில் கற்கோபுரம் கட்டியிருந்தார்களாம். பிறகு துறைமுகத்தை மணல் மூட, சனம் மீன்பிடித்துப் பிழைத்ததாம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு, வீட்டுப் பெண்கள் அந்தக் கோபுரத்தடியில் நின்று ஒரே ஒரு சொல் சொல்வார்களாம். அப்படிக் கடலோடு போன அவருடைய தம்பிக்கு அதைச் சொல்லத் தாய்க்குக் கடைசிவரை மனம் வரவில்லை. அதைத்தான் அவர் பாட்டில் வைத்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அவளுடைய ஊரும் ஒருகாலத்தில் பாய்க்கப்பல் ஓடிய துறைதான்.

"கூப்பிடேல்லையாம், அம்மா," என்றேன். "அவையின்ர பாசையில வா எண்டால் போ. அப்பிடிச் சொல்லாட்டில் செத்தவை தண்ணிக்கும் கரைக்கும் நடுவில நிண்டு அந்தரிப்பினமாம்."

பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சிலும் 'வா' என்றால் 'போ'தான். எனக்கு இதில் ஓர் அதிசயமும் தெரியவில்லை. அம்மா தட்டை மறந்துவிட்டு மேலே ஏறினாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தால் அந்த அழுகையை மூட முடியவில்லை.

அடுத்த கிழமை தமிழ்க் கடையிலிருந்து மாலை வாங்கிவந்து மாமாவின் படத்துக்குப் போட்டாள். கலியாண மாப்பிள்ளைக்கும் விமானத்தில் வந்திறங்குகிறவர்களுக்கும்தான் மாலை போட்டு நான் பார்த்திருந்தேன். மாமா வரப்போகிறார் என்று துள்ளினேன். அப்பா என்னைப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டார்.

கீழே பாட்டுத் தொடங்கியது. அம்மா படத்தின் முன்னால் நின்றாள்.

"போ, ராசா. போ."

மிச்சச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"போட்டு வா எண்டு சொல்லோணும், அம்மா," என்று திருத்தினேன்.