விழாமல் நிற்க வேண்டிய வெள்ளைக் கவுன்

1997ஆம் ஆண்டு பிப்ரவரி பத்தாம் நாள், திங்கட்கிழமை. காலை ஒன்பது மணியாகியும் எங்கள் ஊர் மலையுச்சியைப் பனிமூட்டம் விடவில்லை; வெயில் வந்தபோது சுள்ளென்று வந்தது. புதிதாய்த் தைப்பவருக்குத் துணி ஒன்றுதான் கவலை. பிறர் தைத்ததைத் திருத்துபவருக்கோ, முன்பு தைத்தவர் என்ன நினைத்துத் தைத்தார் என்பதும் கவலை. இத்தொழிலில் அவதிப்படுபவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தமிழாசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், செங்கம் சாலையில் என் வீட்டு முன்னறையில் யூசுப் பாயுடன் கூட்டாக ஆல்டரேஷன் கடை நடத்தினேன். அளவெடுப்பதும் ஆங்கிலம் பேசுவதும் நான். தையல் மிஷின் அவர்.

ஒரு நிபந்தனை

ஜெர்மனியிலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாக இங்கேயே தங்கிவிட்ட ஹெலன், ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெள்ளை சாட்டின் கவுன். அவளுடைய தாய் தம் திருமணத்தில் உடுத்தியது. தோள்பட்டையும் கிடையாது, கையும் கிடையாது. மார்பிலிருந்துதான் துணியே தொடங்குகிறது. உள்ளே நிமிர்த்திப் பிடித்திருந்த மெல்லிய கம்பிகள் துருப்பிடித்து ஒடிந்திருந்தன. இவளோ தாயைவிட ஒல்லி, போட்டால் நழுவுகிறது. ஞாயிற்றுக்கிழமை திருமணம். மகள் ஊரைவிட்டு வந்த நாள்முதல் பேசாதிருந்த தாய், சமாதானமாய் அனுப்பிய முதல் பொருள் இது. சனிக்கிழமை தாமே வருகிறார்.

"டீச்சர், கீழே விழாம பண்ணுங்க. ஆனா வெளியில ஒரு ஊசி ஓட்டை தெரிஞ்சாலும் அம்மா திரும்பிப் போயிடுவாங்க."

யூசுப் பாயின் இரக்கம்

மாலையில் பெட்டியைப் பாயிடம் கொடுத்து, "இது நழுவாம நிக்கணும், வழி பாருங்க" என்றேன். வாக்கியம் முழுமையாகத்தான் இருந்தது. செய்தி முழுமையாக இல்லை; ஊசி ஓட்டை கூடாது என்பதை விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவர் கொண்டுவந்த கவுனுக்கு, அதே நிறச் சாட்டினில் இரண்டு பஃப் கைகள் முளைத்திருந்தன. இனி அது நழுவாது என்பது உண்மையே. யார் கை வைக்கச் சொன்னது என்று கேட்டேன்.

"பாவம்மா அந்தப் பொண்ணு. கை ரெண்டும் பிஞ்சிபோன கவுனைப் போட்டுக்கினு கல்யாணத்துல நிக்குமா? நம்ம செலவா இருக்கட்டும்னு வெச்சிட்டேன்."

ஓட்டைகள்

பிளேடால் கைகளைப் பிரிக்க ஒரு மணி நேரமாயிற்று. பருத்தியில் ஊசி போன வழி மூடிக்கொள்ளும், சாட்டின் மன்னிக்காது. மேல் ஓரத்தில் முன்னும் பின்னும் எறும்பு வரிசைபோல் ஓட்டைகள்.

"ஓட்டை ஏற்கெனவே இருந்துச்சும்மா. அதுல பாத்துப் பாத்துதான் ஊசி வுட்டேன்" என்றார் பாய். வீட்டுப்பாடம் எழுதாத மாணவர்கள் சொல்லும் காரணங்களை முப்பது ஆண்டுகளாகக் கேட்டவள் நான். கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினேன். அவர் நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே கேட்டிருந்தார்.

"சரிங்கம்மா. தப்பு என்னுதாவே இருக்கட்டும்."

நாடா

மேல் ஓர மடிப்புக்குள் எலாஸ்டிக் கோத்துப் பார்த்தோம். துணி சுருங்கிக் கத்தரிக்காய்க் காம்புபோல் ஆயிற்று; உருவிவிட்டோம். புதன்கிழமை மதியம் என் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தபோதுதான் தோன்றியது: ஐந்தரை மீட்டர் துணியையும் தாங்குவது தோளன்று, இடுப்பிலுள்ள பாவாடை நாடா. கவுனின் உட்புறம் இடுப்பைச் சுற்றிக் கெட்டியான பட்டை ஒன்றை, வெளியே தெரியாமல் பழைய மூட்டுத் தையல்களோடு சேர்த்துத் தைத்துக் கொக்கி வைத்தோம். பாரம் இடுப்புக்குப் போயிற்று. ஒடிந்த கம்பிகளுக்குப் பதிலாக, டிவிப் பெட்டியைச் சுற்றிவந்த பிளாஸ்டிக் பட்டையை வெட்டி, குத்தாதபடி முனைகளை மெழுகுவத்தியில் மழுக்கிச் செருகினோம். என்மேல் கோபமாயிருந்த பாயே வாய் திறந்தார்.

"இவ்ளோதானாம்மா? நம்ம பாவாடையை உள்ள ஒளிச்சி வெச்சா ஜெர்மனி கவுனு!"

வெள்ளோட்டம்

வியாழக்கிழமை ஹெலன் உடுத்திப் பார்த்தாள். பாய் மரியாதையாகச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவள் கையைத் தூக்கினாள், குனிந்தாள், குதித்தாள், சுழன்றாள்.

"நின்னுச்சா?" என்றது சுவர்ப்பக்கத்துக் குரல்.

"நின்னுச்சு பாய்!" என்று கத்தினாள் அவள்.

அந்த மகிழ்ச்சியிலேயே விட்டிருக்கலாம், மனம் கேட்கவில்லை. ஓட்டைகளைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவள் விரல் அந்த வரிசையின் மேல் மெல்ல ஊர்ந்தது.

"அம்மா மொதல்ல இந்த ஓரத்தைத்தான் பாப்பாங்க, டீச்சர்."

சனிக்கிழமை

அப்படியே பார்த்தார். மகளோடு கடைக்கு வந்த நெட்டையான அந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேல் ஓரத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பொறுப்பு என்னுடையது என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அதற்குள், "நான்தாம்மா தெச்சேன்" என்று முன்னால் வந்தார் பாய். அம்மையார் திடீரென்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைக் கட்டிக்கொண்டார், ஏதேதோ சொன்னார். ஹெலன் மொழிபெயர்த்தாள்: "இது நாப்பது வருஷத்து ஓட்டையாம்! கை இல்லாம சர்ச்சுக்குள்ள வராதேன்னு சொன்னாங்களாம். அம்மாவே கை வெச்சித் தெச்சி, சாயங்காலம் டான்ஸுக்கு அவங்களே பிரிச்சிட்டாங்களாம்."

நான் பாயைப் பார்த்தேன். அவர் மிஷினுக்கு எண்ணெய் விடத் தொடங்கியிருந்தார்.

"அன்னிக்கே சொன்னேன் டீச்சரம்மா. நீங்க திட்டறதுல பிசியா இருந்தீங்க."

மறுநாள் நண்பர் வீட்டுத் தோட்டத்தில் திருமணம் நடந்தது. கவுன் நழுவவில்லை. தாய் இரண்டு வாரம் மகளோடு தங்கினார். போகும்போது கவுனை இங்கேயே விட்டுச் சென்றார். பிரித்த கைகளை யூசுப் பாய் தம் பேத்தியின் பக்ரீத் சட்டையில் வைத்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் எந்த வேலையையும் தாளில் எழுதியே கொடுத்தேன்.

எதையும் இலவசமாய்ச் செய்வதில்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்த எங்கள் கடையில், கூலி வாங்காமல் நான் செய்த ஒரே வேலை, சரியாகத் தைத்தவரைக் கால் மணி நேரம் திட்டியதுதான்.